வீடும் ஊரும்: மீள்குடியேற்றம் பற்றிச் சில எண்ணங்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மீட்சி' என்னும் பொருளில் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, வகுப்பறைப் பழக்கம் என்னை முதலில் முல்லைத் திணைக்கே அழைத்துச் சென்றது. வேந்தன் பொருட்டுப் போர்மேற் சென்ற தலைவன் கார்காலம் தொடங்கும்போது திரும்புவதாகச் சொல்லிப் பிரிகிறான். தலைவி ஆற்றியிருக்கிறாள். வினை முடித்தவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் வேண்டுகிறான். இத்துறையில் அமைந்த பாடல்கள் பலவற்றை நாம் அறிவோம். அவற்றை நெடுங்காலம் பாடம் சொல்லியும் நான் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. அத்தலைவன் திரும்பி வரும்போது அவனுடைய வீடு நிற்கிறது. முற்றத்தில் விளக்கு எரிகிறது. காத்திருப்பவள் காத்திருக்கிறாள். சென்றவன் ஒருவன், ஊர் இருந்த இடத்தில் இருந்தது. ஆதலால்தான் அங்கே மீட்சி என்பது ஒரு பயணத்தின் முடிவாக இருக்க முடிகிறது.

நம் காலத்தில் போரால் பெயர்ந்தவர்களின் நிலை வேறு. ஊரே எழுந்து சென்றுவிட்டது. காத்திருக்க வேண்டியவளும் படகில் ஏறிவிட்டாள். எவரும் காத்திராத இடத்துக்குத் திரும்புவதை எந்தத் திணையில் வைப்பது? இந்த வினாவை இலங்கையின் வடபகுதியை முன்வைத்து உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

அயல் நாட்டுச் செய்தியை இந்த மேடையில் ஏன் பேச வேண்டும் என்று எவரும் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் தொடங்கி 2010 வரை, அலை அலையாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து தமிழகம் வந்தனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாம்களுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேரும் இங்கே வாழ்ந்தனர். நம் திருச்சி மாவட்டத்திலேயே கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் முகாம்கள் உள்ளன. அங்கிருந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் அமர்ந்து முல்லைப்பாட்டுப் படிக்கிறார்கள்.

அவர்களுள் ஒரு மாணவி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு என்னிடம் வந்தாள். 'சொந்த ஊர்' என்ற இடம் காலியாக இருந்தது. முகாமில் பிறந்தவள் அவள். முகாமின் பெயரை எழுதுவதா, தான் கண்டிராத மன்னார்ச் சிற்றூரின் பெயரை எழுதுவதா என்று கேட்டாள். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அவளே அச்சிற்றூரின் பெயரை எழுதினாள். எழுத்துப் பிழையோடு எழுதினாள். மறுநாள் அவளுடைய பாட்டி திருத்தி அனுப்பியிருந்தார்.

அந்த மூதாட்டியைப் பின்னர் நேரில் கண்டேன். கட்டுக்கரைக் குளத்தின் பாய்ச்சலில் அவர்களுக்கு வயல் இருந்தது. குளத்து நீர் எந்த வாய்க்காலில் பிரிந்து, எவருடைய வயலைக் கடந்து, எந்த மடை வழியே தம் வயலுக்கு வரும் என்பதை விரலால் மண்ணில் கோடிட்டுக் காட்டினார். இலங்கை சென்றால் வீடு கட்டிக் கொடுப்பார்களாமே என்று நான் கேட்டேன். அவர் சொன்ன விடை இதுதான்: "வீட்ட ஆரும் கட்டித் தரலாம் பிள்ளை. வாய்க்கால ஒரு ஆளால வெட்ட ஏலாது."

என் உரையின் சாரம் முழுவதும் அந்த விடைக்குள் அடங்கிவிட்டது. வீட்டை அரசு கட்டித் தரலாம். தொண்டு நிறுவனம் தரலாம். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் பணம் அனுப்பலாம். ஊரை அவ்வாறு எவரும் கொடுக்க இயலாது. மேல் வயற்காரரும் கீழ் வயற்காரரும் ஒருசேர வந்து வாய்க்காலைத் தூர் வாரினாலன்றி நீர் வாராது. மீள்குடியேற்றம் என்று நாம் பேசுவதில் வீட்டுக் கணக்கு நிறைய இருக்கிறது. ஊர்க் கணக்கு குறைவாக இருக்கிறது.

வீட்டுக் கணக்கைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. போர் 2009 மே மாதம் முடிந்தது. 2010இல் இந்திய அரசு இலங்கையில் 50,000 வீடுகளுக்கான திட்டத்தை அறிவித்தது. அவற்றுள் 46,000 வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும், 4,000 வீடுகள் மலையகத்திலும் அமைவதாகத் திட்டம். வடக்கு கிழக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபாய் தவணைகளாகக் கொடுக்கப்பட்டது. உரியவரே முன்னின்று கட்டிக்கொள்ளும் முறை அது. தன் வீட்டின் வாயில் எத்திசை நோக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்ய முடிந்தது, பதினைந்து இருபது ஆண்டுகள் கூடாரங்களில் கழித்தவர்களுக்குச் சிறிய செய்தியன்று. ஆயினும் வருவாய்க்கு வழி திரும்புமுன் வீடு திரும்பிவிட்டதால், கட்டி முடிக்கக் கடன் வாங்கியோர் பலர். சுவர் எழுந்தது, அடுப்பு எரிவதற்கான தொழில் எழவில்லை.

இனி நிலம். யாழ்ப்பாணப் பகுதியில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பெயர் உறுதியில், அதாவது பத்திரத்தில், எழுதப்பட்டிருக்கும். காணிகளின் எல்லையைக் காட்டுவது கதியால் நட்ட உயிர்வேலி. மக்கள் அகன்று இருபது ஆண்டுகள் ஆனால் வேலி காடாகிறது, கிணறு தூர்கிறது, ஒழுங்கை மறைகிறது. உறுதியைப் பல இடப்பெயர்வுகளில் தொலைத்தவர் எதைக் காட்டித் தம் காணியைக் கேட்பார்? பத்து ஆண்டுகள் தடையின்றி ஒரு காணியை அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். போரால் நீதிமன்றத்தை அணுக முடியாதிருந்தோருக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அக்கணக்கில் சேராது என்று 2016இல் ஒரு தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. வலிகாமம் வடக்கில் இராணுவம் 1990 முதல் கைக்கொண்ட நிலம் பகுதி பகுதியாகவே விடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மீனவருக்குத் திரும்பியது.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. தேசவழமைச் சட்டத்தின்கீழ் மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் ஒப்புதல் வேண்டும். கணவன் காணாமற் போயிருந்தால்? இறந்தான் என்று சான்று பெற்றால் சொத்தும் உதவியும் கைக்கு வரும். ஆனால் அவனைத் தேடும் உரிமையைத் தானே முடித்துவைத்ததாகும் என்று அவள் அஞ்சுகிறாள். 'காணாமைச் சான்றிதழ்' என ஒன்று வழங்கச் சட்டம் 2016இல்தான் இடம் தந்தது. முகமாலை மண்ணில் மண்டியிட்டுக் கண்ணிவெடி அகற்றும் பணியிலும் அப்பகுதிப் பெண்கள் பலர் ஈடுபட்டார்கள். குடும்பம் நடத்தக் கூலி வேண்டும். குடும்பம் திரும்ப நிலம் தூய்மையாக வேண்டும். இரண்டையும் ஒரே கை செய்தது.

இங்கே 'திரும்புதல்' என்ற சொல்லைச் சற்று நிறுத்தி நோக்க வேண்டும். தமிழாசிரியர்களுக்குச் சொல் மீது ஓர் ஐயம் எப்போதும் உண்டு. 'அகதி' என்றால் கதியற்றவர். அதற்கு மாற்றாக ஈழத் தமிழர் 'ஏதிலி' என்னும் சொல்லை எடுத்தாண்டனர். தமிழகத்தில் 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. நல்ல மாற்றம். ஆனால் பெயர் மாறியதால் மட்டும் வாழ்வு மாறாது என்பதற்கு நம்மிடமே பழைய சான்று ஒன்று உண்டு.

1964 அக்டோபர் 30 அன்று இந்திய இலங்கைப் பிரதமர்கள் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று மனிதர்கள் எண்ணிப் பிரிக்கப்பட்டார்கள். வந்தவர்களுக்கு நாம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுள் பெரும்பாலோர் இத்தாயகத்தை முன்பு கண்டதே இல்லை. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைச் செடிகளுக்கிடையே அவர்கள் மறுபடி குடியேறினார்கள். இலங்கையில் 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர் இங்கே 'சிலோன்காரர்' ஆனார். அனுப்பப்பட்டதைத் திரும்புதல் என்று பெயரிட்டதில் ஒரு தலைமுறையின் துயரம் மறைந்துபோயிற்று. மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்து, அங்கிருந்து போரால் மீண்டும் பெயர்ந்து, இன்று நம் முகாம்களில் இருப்போரும் உண்டு. அவர்களிடம் 'நீங்கள் எப்போது திரும்புவீர்கள்?' என்று கேட்பவர், எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அக்டோபர் 30 என்ற தேதியைச் சொன்னேன். அதே தேதியில் நிகழ்ந்த இன்னும் இரண்டு பெயர்வுகளைப் பற்றிச் சொல்லாமல் இப்பொருளைப் பேசுவது நேர்மையாகாது.

1995 அக்டோபர் 30. இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்தை விட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் அறிவிக்க, சில இலட்சம் தமிழர் இரவோடிரவாக மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். ஒரு நகரமே காலியாகியது. முதியோரும் நோயாளிகளும் வழியில் வீழ்ந்தனர். இந்நிகழ்வு ஈழத்து எழுத்தில் பலவாறு பதிவாகியுள்ளது. நாமும் படித்துக் கலங்கியிருக்கிறோம்.

அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 அக்டோபர் 30. அதே யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையையும் பணத்தையும் பறிகொடுத்து, மாற்றுடையோடு அவர்கள் வெளியேறினார்கள். அந்த மாத இறுதியில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தமிழே அவர்களுக்கும் தாய்மொழி. பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் ஓலைக் குடிசைகளில் தங்கினார்கள். ஓலைக் குடிசைகளுக்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

போர் முடிந்த பின் அவர்களும் திரும்ப முற்பட்டார்கள். 1990இல் ஒரு குடும்பமாகச் சென்றவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாகத் திரும்பினார்கள். நிலமோ பழைய அளவே. நெடுநாள் முன்பு பெயர்ந்தவர்கள் என்பதால் உதவி வரிசையில் அவர்கள் பின்னே தள்ளப்பட்டார்கள். மன்னார் மாவட்டம் முசலிப் பகுதியில் அவர்கள் விட்டுச் சென்ற இடங்கள் காடு மண்டிக் கிடந்தன. அவற்றின் ஒரு பகுதி 2012இல் வனக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வெளியேறியதனாலேயே காடானது, காடானதனாலேயே திரும்புவது தடைப்பட்டது.

நான் சொன்ன மூதாட்டியிடம், உங்கள் வயலுக்கு மேல் வயல் எவருடையது என்று கேட்டேன். ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பெயரைச் சொன்னார். அவர்கள் மடையைத் திறந்துவிட்ட பிறகே தங்கள் வயலுக்கு நீர் வரும் என்றார். இப்போது அவர்கள் எங்கே என்றதற்கு, மண்ணில் தாம் போட்ட கோட்டைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாதிருந்தார். அம்மௌனம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அதில் நமக்கும் பங்குண்டு.

கவிஞர் பெருமக்களே, வலிகாமம் வடக்கின் தமிழர் தம் நிலத்தைக் கேட்கும்போது அவர்கள் பக்கம் நிற்பது நமக்கு எளிது, நிற்கவும் வேண்டும். ஆனால் 'பிறந்த மண்ணுக்குத் திரும்புவது மனிதரின் உரிமை' என்று நாம் சொல்லுவது உண்மையானால், அது சோனகத் தெருவுக்குத் திரும்புபவருக்கும் பொருந்த வேண்டும். நமக்கு இழைக்கப்பட்டதை மட்டும் நினைவில் வைத்து, நம்மவரால் இழைக்கப்பட்டதை மறந்து, ஓர் ஊரைக் கட்ட முடியாது. கட்டினாலும் மேல் மடை மூடியே இருக்கும். மீள்குடியேற்றத்துக்கு ஆதரவு என்பதன் கடினமான பகுதி இதுவே என்று நான் கருதுகிறேன்.

திரும்புவோருக்குத் துணை நிற்பது எவ்வாறு? மூன்று செய்திகளை மட்டும் சுருங்கச் சொல்கிறேன்.

முதலாவது, விருப்பம். 1987 ஒப்பந்தத்தை நம்பித் திரும்பியவர் பலர் 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மறுபடி கடல் கடந்தார்கள். 1991க்குப் பின் இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டபோது, அது அவர்களின் விருப்பமா அச்சமா என்ற வினா எழுந்தது. அதனாலேயே ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் 1992இல் சென்னையில் இருந்துகொண்டு விருப்பத்தை உறுதி செய்யும் பொறுப்பை ஏற்றது. போ என்பதும் போகாதே என்பதும் நம் சொல்லாக இருத்தலாகாது. நாற்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, இங்கேயே இருக்க விரும்புவோருக்குக் குடியுரிமைக்கு வழி வேண்டும்; 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களை நினைக்கவில்லை. செல்ல விரும்புவோருக்கு அச்சமற்ற வழி வேண்டும். 2025 மே மாதம் இங்கிருந்து முறைப்படி நாடு திரும்பிய ஒரு முதியவர், முன்பு உரிய ஆவணமின்றி வெளியேறினார் என்பதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். உயிருக்கு அஞ்சிப் படகேறியவரிடம் கடவுச்சீட்டு கேட்கும் சட்டம், திரும்ப எண்ணும் ஏனையோருக்கு என்ன சொல்லியிருக்கும்?

இரண்டாவது, ஆவணம். முகாமில் பிறந்த குழந்தையின் பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமை பெறாவிட்டால், அக்குழந்தை இரு நாட்டிலும் எண்ணப்படாமல் போகும். எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இப்பணியில் முகாம் இளைஞரையே ஈடுபடுத்தியது. ஒரு சான்றிதழின் மதிப்பை முகாம் பிள்ளைகள் அறிந்த அளவுக்கு நம் பிள்ளைகள் அறியார்.

மூன்றாவது, கூட்டம். தனித்தனிக் குடும்பமாகச் செல்பவர் தளர்ந்துபோகிறார். ஊராகச் செல்பவர் நிலைக்கிறார். இரணைதீவு மக்கள் 1992இல் தம் தீவை விட்டு அகன்றனர். பின் அது கடற்படையின் கையில் இருந்தது. ஓராண்டளவு போராடிப் பார்த்து, 2018 ஏப்ரல் 23 அன்று அவர்கள் தாமே படகுகளில் ஒன்றாகச் சென்று இறங்கினார்கள். எல்லாம் கிடைத்துவிடவில்லை, கரையிலுள்ள இரணைமாதா நகரையும் அவர்களால் விட இயலவில்லை. ஆயினும் அவர்கள் இறங்கியபோது இறங்கியது ஓர் ஊர்.

இவற்றில் எழுத்தாளர்க்கு என்ன பணி? 1981இல் எம்.ஏ. நுஃமான் தமிழில் தந்த 'பலஸ்தீனக் கவிதைகள்', 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' ஆகிய தொகுப்புகளைப் படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. பிரிவையும் இழப்பையும் பாடுவதில் தமிழ்க் கவிதை தலைசிறந்து நின்றது. திரும்பிய பின் நிகழ்வதை, அதாவது கிணறு இறைப்பதை, வேலி அடைப்பதை, வெட்கத்தோடு அயலவர் முகம் பார்ப்பதை, நான் படித்த அளவில் நாம் அதிகம் பாடவில்லை. இழப்பு ஒரு கணத்தில் நேர்கிறது. அதைப் பாட ஒரு பாட்டு போதும். மீட்சி பல ஆண்டுகளில் நேர்கிறது. அதற்குப் பொறுமையான எழுத்து வேண்டும்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து நல்லியல்பு இழக்கும்போது பாலை ஆகிறது என்பது இளங்கோவடிகள் கருத்து. பாலை பிறப்பிலேயே பாலையாக இருந்த நிலமன்று, திரிந்த நிலம். திரிந்தது மீண்டும் திருந்தவும் கூடும் என்ற நம்பிக்கையை அக்கருத்திலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

நிறைவாக மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுக்குள் நம் மாவட்டத்து இரு முகாம்களிலும் உள்ள முதியோரைச் சந்திப்போம். அவர்களுடைய ஊர், குளம், வாய்க்கால், காணிகளின் பெயர்களை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவோம். வலப்புறம் எவர் வீடு, இடப்புறம் எவர் வீடு, மேல் வயல் எவருடையது என்றும் கேட்டு எழுதுவோம். வெளியேற்றப்பட்டவர்களின் பெயர்களையும் விடாமல் எழுதுவோம். ஏட்டை அந்தப் பிள்ளைகளிடமே ஒப்படைப்போம். அவர்கள் திரும்பலாம், இங்கேயே இருக்கலாம், அது அவர்களுடைய முடிவு. ஆனால் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் பிழையின்றி எழுத அவர்களுக்கு ஒரு பெயரும், அப்பெயரோடு சேர்ந்து வாழ்ந்த அனைவரின் நினைவும் இருக்க வேண்டும். அந்த மூதாட்டிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. காலம் நமக்காகக் காத்திராது.